அப்பா ஏன் பாதியில டிவியை ஆஃப் பண்ணாரு?

கேள்வி: அக்கா, எங்கப்பா போலீஸ்ல எஸ்எஸ்ஐ-யா இருந்து ரிட்டயர் ஆனவர். போன மாசம் தம்பிக்கு இரண்டாம் நிலைக் காவலர் லிஸ்ட்ல பேர் வந்துச்சு. அந்த சந்தோஷத்துல குடும்பமா உக்காந்து, போலீஸ் ட்ரெயினிங்கைப் பத்தின 'டாணாக்காரன்' படம் போட்டோம். பாதியில அப்பா டிவியை ஆஃப் பண்ணிட்டு மாடிக்குப் போயிட்டாரு. மறுநாள்ல இருந்து "அவன் போக வேணாம்"னு ஒரே பிடிவாதம். காரணம் கேட்டா வாயே திறக்கல. தம்பி "அது சினிமாப்பா"ங்கிறான். நான் யார் பக்கம் பேசுறது?
(பேர் வேண்டாம், திருச்சி மாவட்டம்)

பதில்: தங்கம், மொதல்ல தம்பிகிட்ட ஒண்ணு சொல்லு, "அது சினிமாப்பா"ங்கிற வார்த்தையை இனி அப்பா காதுபட சொல்ல வேணாம். 2022-ல ஓடிடியில வந்த அந்தப் படத்தை எடுத்த டைரக்டர் தமிழ், சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி போலீஸ்ல வேலை பார்த்தவர். 'ஜெய் பீம்'ல எஸ்ஐ குருமூர்த்தியா வந்து நம்மளை எல்லாம் பல்லைக் கடிக்க வெச்சாரே, அதே ஆள்தான். காக்கி போட்டவன் எப்படி நிப்பான், எங்க குரலை இறக்குவான்னு உடம்புக்குத் தெரிஞ்ச மனுஷன் எடுத்த படம் அது, உங்கப்பாவுக்கும் அது உடம்புலதான் போய் பட்டிருக்கும்.

நாம பார்த்த போலீஸ் படம் எல்லாம் ஜீப்பு, துப்பாக்கி, ஸ்லோ மோஷன் நடைன்னே போகும். இதுல ரவுடியே கிடையாது, ஒரு கிரவுண்டு, ஒரு விசில், தண்டனையா கொடுக்கற 'ஈடி'ங்கிற எக்ஸ்ட்ரா டிரில், அத்தனை பேருக்கும் பத்தாத கக்கூஸ், அவ்ளோதான். 1982-ல செலக்ட் ஆகியும் வேலை கிடைக்காம இருந்துட்டு பதினஞ்சு வருஷம் கழிச்சு ட்ரெயினிங்குக்கு வந்த நடுவயசுக்காரங்க, சின்னப் பசங்களோட சேர்ந்து வெயில்ல ஓடுவாங்க பாரு, எனக்கு அந்த இடம் தாங்கவே முடியல.

எங்க சித்தப்பா ஆயுதப்படையில இருந்தவரு. ட்ரெயினிங் பத்தி வாயே திறக்க மாட்டாரு, சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி கரண்ட் இல்லாம திண்ணையில உக்காந்திருந்தப்ப தானா ஆரம்பிச்சாரு, கால்ல கொப்புளம் உடைஞ்சு ஷூவுக்குள்ள ரத்தத்தோட ஓடினது, பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் மயங்கி விழுந்தது, தூக்கப் போனா தனக்கும் ஈடி விழும்னு பயந்து இவரு அசையாம அட்டென்ஷன்லயே நின்னது. "கொப்புளம் ஆறிப்போச்சும்மா, அவனைத் தூக்காம நின்னேன் பாரு, அது ஆறவே இல்ல"ன்னாரு. அடி வாங்குனதை விட, அடுத்தவன் அடி வாங்கும்போது சும்மா நின்னதுதான் அவரை அத்தனை வருஷமா அரிச்சுக்கிட்டு இருந்திருக்கு. உங்கப்பாவுக்கும் இதுதான்னு நான் சொல்லல, ஆனா "உங்களை அடிச்சாங்களாப்பா?"ன்னு நீங்க கேட்டிருந்தா அவரு வாயைத் திறக்காததுல ஆச்சரியமே இல்ல.

இன்னொன்னும் இருக்கு. படத்துல ட்ரெயினிங் கொடுத்து வதைக்கறவரா லால் நடிச்ச அந்த ஈஸ்வரமூர்த்தி மாதிரி ஆளுங்க வானத்துல இருந்து குதிச்சு வர்றதில்ல, அவங்களும் ஒரு காலத்துல அதே மண்ணுல உருண்டவங்கதான். 1857 கலகத்துல பயந்துபோன வெள்ளைக்காரன் மெட்ராஸ் மாகாணத்துக்கு 1859-ல, நாட்டுக்கே 1861-லன்னு போலீஸ் சட்டம் போட்டு கட்டுன அமைப்பு இது, ஜனங்களை அடக்கி வைக்கறதுக்குன்னே கட்டுனது, அதுல இருக்கறவன் ஏன்னு கேட்கக் கூடாதுன்னு பழக்குறதுதான் அந்த டிரில்லோட உயிரே. அப்படிப் பழகிட்டு இத்தனை வருஷம் சர்வீஸ் போட்ட மனுஷன், தன் பையனும் அங்கபோய் என்னவா மாறி வருவானோன்னு பயப்படறாருன்னுதான் நான் நினைக்கிறேன். கை கால் உடையும்கிற பயம் அதுக்கு அப்புறம்தான்.

இப்ப எல்லாம் மாறிடுச்சுன்னு தம்பி சொல்வான். கொஞ்சம் மாறியிருக்கு, 2021-ல காவலர்களுக்கு வார விடுப்புன்னு அரசாணையே வந்துச்சு. அதே நேரம் பெரிய அதிகாரிங்க வீட்டு வேலைக்குக் காவலர்களை வெச்சுக்கற ஆர்டர்லி முறையை 1979-லயே ஒழிச்சாச்சுன்னு பேரு, 2022-ல ஹைகோர்ட் அது இன்னும் ஏன் இருக்குன்னு கேட்க வேண்டி வந்துச்சு. அதனால அப்பாவும் தம்பியும் ஆளுக்குப் பாதி சரி.

ஆனா என் அபிப்ராயம் கேட்டா, தம்பி போகட்டும். 2020-ல சாத்தான்குளம் ஸ்டேஷன்ல அப்பாவையும் மகனையும் அடிச்ச அடியை மாஜிஸ்ட்ரேட்கிட்ட சாட்சியா சொன்னது அதே ஸ்டேஷன்ல வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. அன்னைக்கு உள்ளே இருந்து பேச அந்த ஒரு ஆள் இருந்தாங்க. அந்த மாதிரி ஆளுங்க இன்னும் நிறைய பேர் உள்ளே இருக்கணும்மா, அதுக்கு உங்க தம்பி மாதிரி பசங்க போனாதான் உண்டு. ஆனா அப்பா சொல்றதைக் கேட்காம போகக் கூடாது, அதை மட்டும் நீ விடாம பிடிச்சுக்கோ.

எப்படிக் கேட்கறதுன்னா, ஹால்ல எதிரும் புதிருமா உக்கார வெச்சு விசாரிக்காதீங்க, அவரு வாழ்க்கை பூரா விசாரணை பார்த்தவரு. காலையில வாக்கிங் போகும்போது தம்பி கூட போகட்டும், அப்பா உங்களுக்கு ட்ரெயினிங் எந்த ஊர்ல, சாப்பாடு என்ன போடுவாங்க, பக்கத்துல படுத்தவரு பேரு என்னன்னு சின்னச் சின்னதா கேட்கட்டும், பதில் வரலைன்னா விட்டுட்டு நடக்கட்டும். படத்தோட மிச்சத்தைப் பார்க்கச் சொல்லாத. அவரா கேட்டா போடு. 2025 கடைசியில வந்த 'சிறை' படமும் அதே டைரக்டர் தமிழ் எழுதுன கதைதான், எஸ்கார்ட் டூட்டியில கைதியைக் கூட்டிட்டுப் போற போலீஸ்காரரைப் பத்தி, ஒருவேளை அது அவருக்கு இதைவிட லேசா இருக்கலாம். ஆனா ராத்திரி தூங்காம உலாத்துறது, சாப்பாடு இறங்காம இருக்கறது இப்படியே ரெண்டு மூணு வாரம் போச்சுன்னா தயங்காம பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போ.

தம்பிக்கு ரெண்டு விஷயம். இப்பவே தினமும் ஷூ போட்டு ஓடிப் பழகச் சொல்லு, பாதம் காய்ச்சுப் போகட்டும். அங்க போய் வெயில்ல கடுமையா ஓடுன அன்னைக்கு ஒண்ணுக்கு டீ கலர்ல போச்சுன்னா அது சாதாரண சூடு கிடையாது, தசை சிதைஞ்சு கிட்னியைப் பாதிக்கிற விஷயம், யாரு என்ன திட்டுனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

கடைசியா, உங்கப்பா கூட ட்ரெயினிங் எடுத்த பேட்ச்மேட் யாராவது பக்கத்துல இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடு. நம்மகிட்ட பேசாததை அவங்க ரெண்டு பேரும் அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க. டீ போட்டுக் கொடுத்துட்டு நீயும் அம்மாவும் எந்திரிச்சு உள்ள போயிடுங்க, தம்பி மட்டும் ஓரமா அங்கேயே உக்காந்திருக்கட்டும்.