சார்ஜ் லைட் மங்கலாக எரிந்தால் டைனமோவை மாற்றலாமா?

கேள்வி: ஐயா, அப்பா வாங்கிய 1984 பத்மினி காரை இன்னும் வைத்திருக்கிறேன். வீடு தேவனாம்பட்டினத்தில், கடலுக்கு ரொம்பப் பக்கம். ராத்திரி ஹெட்லைட் போட்டால் சிவப்பு சார்ஜ் லைட் மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் மீட்டருக்குள் இருக்கிற லைட்டும் சேர்ந்து துடிக்கிறது, பெட்ரோல் முள்ளும் ஆடுகிறது. டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்? (கடலூர் வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தம்பி. உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு கோளாறு. இண்டிகேட்டரோடு மீட்டர் லைட் துடிப்பதற்கும், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவுக்கும் சம்பந்தமே இல்லை. அது எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. கொண்டல் காற்று கொண்டுவரும் உப்பு, மீட்டருக்குப் பின்னால் இருக்கிற எர்த் வயரின் கண்ணில் பச்சைக் களிம்பாகப் பூத்துவிடும். திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட் பக்கத்து பல்பு வழியாகப் போகப் பார்க்கும். அதனால்தான் எல்லாம் ஒன்றாகத் துடிக்கிறது.

லைட்டையெல்லாம் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை மீட்டரின் தகர உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அடுத்து ஒரு வயரை நெகட்டிவிலிருந்து நேராக அந்தத் தகரத்தில் பிடியுங்கள். துடிப்பு நின்றால் சந்தேகமே வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வயர் கண்ணையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற எர்த் பட்டையையும் விட்டுவிடாதீர்கள்.

இனி சார்ஜ் லைட். அந்த பல்புக்கு ஒரு பக்கம் சாவி வழியாக வரும் பேட்டரி கரண்ட், மறுபக்கம் டைனமோ. இரண்டு பக்கமும் வோல்ட் சமமானால் பல்பு அணையும். சாவி சுவிட்சிலோ ஃபியூஸிலோ ஒரு வோல்ட் தொலைந்தாலும் சமம் போய்விடும், டைனமோ நன்றாக ஓடினாலும் பல்பு மங்கலாக எரியும். ஹெட்லைட் இழுக்கும்போது அந்த இழப்பு கூடும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

முத்தியால்பேட்டையில் கடை போட்ட புதிதில் இதே குறையோடு வந்த ஒரு வாத்தியாருக்கு நான் டைனமோவை மாற்றிவிட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அதே லைட்டோடு வந்து நின்றார். டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்தால், சாவி சுவிட்சின் பின்னால் வயர் முனையில் இருக்கிற லக் ஒன்று சூட்டில் கருகிப் பழுப்பாகக் கிடக்கிறது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். டைனமோவுக்கு அவர் கொடுத்த பணத்தை என்னால் கொடுக்க முடியவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆகவே முதலில் ஹெட்லைட் இல்லாமல் இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 13.5க்கு மேல் வந்தால் டைனமோ நல்ல டைனமோ. பிறகு ஃபியூஸ் பெட்டிக்குப் போங்கள். அந்தப் பீங்கான் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பாருங்கள். பித்தளை நாக்கில் களிம்பு பிடித்திருந்தால் உருட்டும்போதே லைட் மாறும். அடுத்தது சாவி சுவிட்ச், கடைசியாகத்தான் டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கிற கட்டவுட்டின் பாயின்ட்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சாவியை அணைத்த பிறகும் சிவப்பு லைட் எரிந்தால், கட்டவுட் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்த நொடியே பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி டைனமோவுக்குள் திரும்பிப் பாய்ந்து வயரையே எரித்துவிடும்.

கேள்வி: அம்பாசிடரில் வண்டி சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் லைட் மின்னுகிறது. சுவிட்சை மாற்றினால் போதுமா? (வில்லியனூர் வாசகர்)

பதில்: ஆயில் அளவைப் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள். அளவு சரியாக இருந்தால், லைட் எரியும்போது சுவிட்ச் வயரைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. அணைந்தால் சுவிட்சும் கெட்டிருக்கலாம், பிரஷரே குறைந்தும் இருக்கலாம். அந்த இடத்தில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி அளந்த பிறகுதான் ஓட்ட வேண்டும். சுவிட்ச் சின்னச் செலவு. பேரிங் போனால் இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

கேள்வி: டைனமோவுக்குப் பதில் ஆல்டர்நேட்டர் உள்ள என் பழைய காரில் டேஷ்போர்டு பல்பு எல்லாவற்றையும் எல்இடி ஆக்கலாமா? (லாஸ்பேட்டை வாசகி)

பதில்: மீட்டருக்கு வெளிச்சம் தரும் பல்புகளை மாற்றுங்கள் அம்மா, சார்ஜ் லைட்டை மட்டும் விட்டுவிடுங்கள். பல வண்டிகளில் அந்த பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்நேட்டரை எழுப்பிவிடும். எல்இடி வழியாகப் போவது அதற்குப் போதாது. அதில் பழைய இழை பல்பே இருக்கட்டும். சாவியைத் திருப்பியதும் எரிகிறதா என்று தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.