ஏப்ரல் கடைசி வரை புதிதாக எதுவும் நடாதீர்கள்

தம்பி, ஆஸ்திரேலியாவில், இந்தப் பெர்த்தில் உங்களுக்கு இது முதல் கோடை, டிசம்பரில் வைத்த ஆறு லாவெண்டரும் காலை மாலை தண்ணீர் ஊற்றியும் செத்துவிட்டன, என்ன தப்பு என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்துக் குழைந்திருந்தால் தண்ணீர் அதிகம். வாங்கிய தொட்டியின் வடிவத்திலேயே காய்ந்த உருண்டையாக வந்தால் தண்ணீர் உள்ளே போகவே இல்லை. எனக்கென்னவோ இரண்டாவதாகத்தான் படுகிறது.

இந்த ஊர் மணல் ஒரு விசித்திரம். மக்கிய இலைதழையிலிருந்து வரும் மெழுகு மணலின்மேல் படிந்துவிடும்; அது காய்ந்ததும் தண்ணீர் உருண்டு ஓடும், சேம்பிலையில் ஓடுகிற மாதிரி. மேலே நனைந்திருக்கும், இரண்டு அங்குலம் தோண்டினால் புழுதி. தஞ்சாவூர் வண்டல் மண்ணில் வளர்ந்தவள் நான்; இது புரியவே எனக்கு இரண்டு கோடை போயிற்று. மண்ணை நனைய வைக்கும் மருந்து கடையில் கிடைக்கும், ஆனால் அது கொஞ்ச நாளைக்குத்தான். பெண்டோனைட் களிமண்ணும் மக்கிய எருவும் கலப்பதுதான் நிலைக்கும். லாவெண்டருக்கு மட்டும் எருவைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதற்குச் சத்துக் குறைந்த மண்தான் பிடிக்கும்.

அடுத்தது பட்டம். நம் ஊரில் ஆடி என்றால் இங்கே ஏப்ரல் கடைசி, மே. மழை பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான், அதுவும் குளிரோடு. அந்த நாலைந்து மாதத்தில் செடி மேலே வளர்ந்ததாகவே தெரியாது. வேர் கீழே போய்க்கொண்டிருக்கும். கோடையில் அது வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள், நம் பெரும்பொழுதுகளைப் போலவே, ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். ஏப்ரல், மே அவர்களுக்கு 'ஜெரான்'. வெயில் தணிந்து முதல் பனித்துளி விழும் காலம். எனக்கு நடவுக் காலம் அதுதான்.

பெரிய தொட்டிச் செடி வாங்காதீர்கள். விரல் நீளக் குழாய்த் தொட்டியில் விற்கும் சின்னக் கன்றுகள்தான் சீக்கிரம் வேர் பிடிக்கும், விலையும் குறைவு. ரோஸ்மேரி, கௌரா, சால்வியா எல்லாம் பிழைத்துக்கொள்ளும். உள்ளூர்ச் செடி என்றால் கங்காரு பா என்ற பூச்செடி. சிவப்பும் பச்சையுமான வகைதான் மாநில மலர். அழகுதான், ஆனால் இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். உயரமாக வளரும் மஞ்சள் வகை நின்று வளரும். கிரெவில்லியா, பாங்க்சியா வைத்தால் கோழி எரு போடவே கூடாது. அதில் இருக்கும் பாஸ்பரஸ் அவற்றுக்கு விஷம். அப்படி ஒன்றை நானே கொன்றிருக்கிறேன்.

இன்னொன்று. நர்சரியில் 'கறி பிளாண்ட்' என்று சாம்பல் நிற இலையோடு ஒன்று இருக்கும். கறிவேப்பிலை என்று ஆசையாக வாங்கிவந்து ரசத்தில் போட்டுவிடாதீர்கள். வாசனை மட்டும்தான் மசாலா மாதிரி. அது வேறு செடி. ஆனால் வெயிலுக்கு அசையாது. அந்த இலைமேல் இருக்கும் நுண்ணிய ரோமம்தான் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. சாம்பல் இலையைக் கண்டால் தைரியமாக வாங்கலாம்.

சரி, தண்ணீர். தூரைச் சுற்றி அகலமாகப் பாத்தி கட்டி, முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை ஒரு வாளி மெதுவாக ஊற்றுங்கள். தினம் ஒரு செம்பு வேண்டாம். மேலே மரச்சில்லு மூடாக்கு, தண்டைத் தொடாமல். ஸ்பிரிங்க்ளர் போட எப்படியும் வீட்டு நம்பரை வைத்து வாரம் 2 நாள்தான் அனுமதி. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அதுவும் கிடையாது.

மே மாதம் என் மஞ்சள் கங்காரு பா தூரைப் பிரிக்கப்போகிறேன். நாலு துண்டாவது தேறும். சாக்கும் மண்வெட்டியும் கொண்டுவாருங்கள், என் மண்வெட்டிக்குப் பிடி உடைந்துவிட்டது.