பூல் (pool) போட்டியில் எதிராளி வேண்டுமென்றே இழுத்தடித்து ஆடினால் எப்படிச் சமாளிப்பது?

கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால், போன ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ தோற்றுவிட்டு, நேராக வீட்டுக்குப் போகாமல் வண்டியை டீக்கடையில் நிறுத்திக்கொண்டு எழுதிய கேள்வி மாதிரி இருக்கிறது. அந்த 'வேண்டுமென்றே' என்ற சொல்தான் காட்டிக்கொடுக்கிறது. நானும் அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பதினைந்து வருடமாகக் கடையை மூடிவிட்டு ராத்திரி பூல், அதாவது மேஜையில் கோலால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் போடும் ஆட்டம், அதில் எயிட் பால், நைன் பால் என்று இரண்டு வகையும் ஆடிக்கொண்டிருக்கிறேன். உள்ளூர்ப் போட்டிகளில் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டுப் பெரும்பாலும் இரண்டாவது சுற்றோடு வீடு திரும்புகிறவன். 'நீயே தோற்கிறவன், உனக்கெதற்கு அறிவுரை' என்று யாராவது கேட்கத்தான் போகிறீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாக ஆடுபவரிடம் எப்படியெல்லாம் தோற்கலாம் என்பதில் எனக்கு அனுபவம் அதிகம்.

2017-ல் நடந்தது. பேக்கரிக்கு மேல் இரண்டாவது மாடியில் ஒரு பூல் ஹால். நைன் பால், முதலில் 7 ரேக் (ஒரு ரேக் என்றால் ஒரு தனி ஆட்டம்) எடுப்பவருக்கு ஜெயம். எனக்கு எதிரே அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். முழுக்கைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். கையில் ஹாலின் பொது க்யூ, அதாவது பந்தை அடிக்கும் கோல். சொந்த க்யூகூட இல்லை! நான் என் க்யூவைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திருகி மாட்டும்போதே மனசுக்குள் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டேன்.

ஆரம்பத்தில் எல்லாம் நினைத்தபடிதான் போனது. 4-1 என்று முன்னிலை. ஆனால் அந்த ஐந்து ரேக்குக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. பெரியவர் ஆடுவதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். க்யூ நுனி வழுக்காமலிருக்கச் சாக் (சாக்கட்டி) தடவுவார், நாலு பக்கமும் திருப்பித் திருப்பி. டேபிளை இடமிருந்து வலமாக ஒரு முழுச் சுற்று வருவார். பாக்கெட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்து பந்தைப் பார்ப்பார், ஏதோ கிணற்றுக்குள் தண்ணீர் மட்டம் பார்ப்பது போல. அப்புறம் இந்தப் பக்கம் வந்து குனிவார். க்யூ முன்னும் பின்னும் போகும். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு வரை எண்ணியிருக்கிறேன். சரி, இப்போது அடித்துவிடுவார் என்று நினைக்கும்போது நிமிர்ந்துவிடுவார். இடது கையைச் சட்டையில் துடைப்பார். மறுபடியும் சாக்.

ஒரு தடவை 9-ஆம் பந்து பாக்கெட்டுக்கு ஒரு அடி முன்னால், நேர்க்கோட்டில் நின்றது. என் பையனே போட்டுவிடுவான். அதற்கும் இதே பூஜை.

நான் உட்கார்ந்திருந்தது ஏ.சி.க்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். கை சில்லிட்டுப் போய்விட்டது. கடையில் விட்டு வந்த பையன் வேறு இரண்டு தடவை போன் செய்துவிட்டான். அப்போது நான் ஒன்று செய்தேன். நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள், பந்தயமே கட்டுவேன். அவர் எடுக்கும் நேரத்துக்கும் சேர்த்து நான் வேகமாக ஆட ஆரம்பித்தேன். எழுந்ததும் அடி, அடுத்த பந்து, அடி. 'பார், இப்படித்தான் ஆடணும்' என்று அவருக்குக் காட்டுவதற்காகவே ஆடினேன். அவர் பார்த்தாரா என்பதே சந்தேகம். 4-2. 4-3. க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தையே பாக்கெட்டில் இறக்கி ஃபவுல் கொடுத்ததில் 4-4.

போட்டி நடத்துபவரிடம் போனேன். 'என்ன சார் இது, கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்' என்றேன். அவர் நல்ல மனிதர். 'சரி, ஷாட் கிளாக் வைத்துவிடலாம்' என்றார். உலக பூல் சங்கத்தின் விதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஒருவர் ரொம்ப மெதுவாக ஆடுகிறார் என்று ரெஃப்ரிக்குப் பட்டால் முதலில் வேகப்படுத்தச் சொல்லலாம். கேட்காவிட்டால் அந்த ஆட்டத்துக்குக் கடிகாரம் வைக்கலாம். ஒரு ஷாட்டுக்கு 35 நொடி. 10 நொடி மிச்சம் இருக்கும்போது குரல் கொடுப்பார்கள். ஒரு ரேக்குக்கு ஒருமுறை மட்டும் 25 நொடி கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். நேரம் தாண்டினால் ஃபவுல், எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம்.

இதில் நான் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு சங்கதி, கடிகாரம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

மார்க்கர் (ஹாலில் ஸ்கோர் குறிப்பவர்) செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு டேபிள் ஓரமாக வந்து நின்றார். பெரியவர் என்னைப் பார்த்து, "அவசரமுங்களா தம்பி?" என்று கேட்டார். நக்கல் இல்லை, நிஜமாகவே விசாரித்தார். "இல்லீங்க, போட்டி விதிங்க" என்றேன். "அப்படிங்களா, சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ரேக் எனக்கு. 5-4. மனசுக்குள் மத்தாப்பு.

அதற்கடுத்த ரேக்கில் பிரேக் (பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) செய்தேன், 5-ஆம் பந்து விழுந்தது. 1-ஐப் போடலாமா, சேஃப்டி (எதிராளிக்கு வசதியில்லாதபடி பந்தை நிறுத்துவது) ஆடலாமா என்று யோசித்துக் கூடுதல் 25 நொடியை அங்கேயே வாங்கிச் செலவு செய்துவிட்டேன். 1 விழுந்தது, ஆனால் வெள்ளை உருண்டு போய் 6-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. நைன் பாலில் டேபிளில் இருப்பதில் சின்ன எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். 2-ஐப் பார்க்கவே வழியில்லை. டேபிளின் நீளமான குஷனில் (ஓரச் சுவர்) ஒரு முறை மோதவிட்டுத் தொடலாம் என்று குனிந்தேன். 6 கொஞ்சம் உரசும் போலிருந்தது. "டென்" என்றார் மார்க்கர். நிமிர்ந்தேன். இரண்டு குஷன் போனால் என்ன? அந்தப் பக்கம் ஓடினேன். குனிந்தேன். பழைய வழியே பரவாயில்லை என்று தோன்றியது.

"டைம்."

அன்றைய கடிகாரத்தில் மாட்டிய ஒரே ஆள் நான்தான். புகார் கொடுத்தவனே கைதானது போல.

பெரியவர் வெள்ளையைக் கையில் எடுத்தார், சட்டை நுனியில் துடைத்தார், வைத்தார். மிச்சம் ஏழு பந்து. இதில் வேடிக்கை என்னவென்றால், முன்பு 20 நொடியில் ஆடிய சுலபமான ஷாட்டுக்கும் இப்போது 33 நொடி எடுத்தார். 35 கொடுத்திருக்கிறார்களே, எதற்கு விடுவானேன்! ஏழு பந்தையும் ஒவ்வொன்றாக, நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நான் பார்க்கப் பார்க்கப் போட்டார். 5-5. அப்புறம் 6-5, 7-5. கை கொடுத்தார். கை சூடாக இருந்தது. என் கை ஐஸ்.

வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது 'வேண்டுமென்றே செய்தான் கிழவன்' என்று வாய்விட்டே சொன்னேன். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் தனியாகப் பயிற்சி செய்யும்போதும் அப்படியேதான் ஆடுகிறார். யாரும் பார்க்காதபோதும் அதே சுற்று, அதே சாக், அதே எட்டு. அந்த மனிதருக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. தோற்றதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

உடனே ஒருவர் வருவார், 'அப்போ வேண்டுமென்றே இழுக்கிறவர்களே இல்லையா' என்று. இருக்கிறார்கள் ஐயா. நீங்கள் இரண்டு பந்து தொடர்ந்து போட்டதும் பாத்ரூம் போக வேண்டும் என்பவர், நீங்கள் குனிந்திருக்கும்போது பாக்கெட்டுக்குப் பின்னால் நின்று சாக் தடவுபவர், பின்தங்கினால் மட்டும் யோசிக்க ஆரம்பிப்பவர். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம், வேகம் ஸ்கோரைப் பார்த்து மாறும். அவர்கள் விஷயத்தில் ரெஃப்ரியிடம் போங்கள், தாராளமாக. ஆனால் 4-4 ஆனபின் முகம் சிவந்து போகாதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே 'மெதுவாக ஆடினால் இங்கே என்ன விதி?' என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போக வேண்டியிருந்தால் இரண்டாவது ரேக் முடிந்ததுமே, ரேக்குகளுக்கு நடுவில் போங்கள். வீட்டில் போனை வைத்து 35 நொடிக்குள் ஆடிப் பழகிவிட்டும் போங்கள். நான் பழகவில்லை.

இந்த வியாதி பெரிய மனிதர்களுக்கும் வந்ததுதான். ஸ்நூக்கர் என்பது பூலைப் போலவே க்யூவால் ஆடும் ஆட்டம். 2005 உலக ஸ்நூக்கர் காலிறுதி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். வேகமாக ஆடுவதற்குப் பேர் போன ரோனி ஓசல்லிவன் 8-2 என்று பீட்டர் எப்டனை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தார். எப்டன் வேகத்தைக் குறைத்தார். ஒரு கட்டத்தில் வெறும் 12 புள்ளி எடுக்க 5 நிமிடத்துக்கு மேல். ஓசல்லிவன் 1997-ல் அதே அரங்கில், ஒரே மூச்சில் எடுக்கும் உச்சமான 147 புள்ளியை அடித்து முடிக்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆனது. அவர் நாற்காலியில் நெளிந்தார், பார்வையாளர் ஒருவரிடம் மணி கேட்டார். 13-11 என்று தோற்றார். எல்லோரும் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். அரையிறுதியில் அதே எப்டனை 22 வயது ஷான் மர்ஃபி 17-12 என்று அடித்தார், தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்த பையன். கோப்பையும் அவருக்குத்தான். அதே மெதுவான ஆள்தான், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான் வேறு.

ஸ்நூக்கர் என்றதும் நினைவுக்கு வருகிறது, சம்பந்தமில்லைதான், சொல்லாமல் விட முடியவில்லை. 1882-ல் அந்த ஆட்டத்தின் விதிகளை எழுதி மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில். விதியோடு சேர்த்து வெள்ளைக்காரன் விட்டுப் போன இன்னொன்று உடை. 2011-ல் ஒரு கிளப்பில் எனக்கு ஆட்டம். என் ஆட்டத்தைப் பார்க்க ஒரே ஒரு தடவை அப்பா வந்தார். துவைத்த வெள்ளை வேட்டி, சட்டை. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பேன்ட் போட்டவருக்குத்தான் அனுமதியாம். நான் உள்ளே கறுப்பு ஷூவும் காலர் சட்டையுமாக ஆடிக்கொண்டிருக்க, அவர் வெளியே டி.வி.எஸ் 50 மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று சட்டசபையில் சட்டம் வந்தது 2014-ல். அப்பா 2013-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு என் எதிராளி கடகடவென்று ஆடுகிறவர். அவர் இன்னும் கொஞ்சம் வேகமாக ஆடக் கூடாதா என்றுதான் இருந்தது. மெதுவா வேகமா என்பதெல்லாம் நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சரி, நாற்காலிக்கு வருவோம். இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், எதிராளியின் முகத்தையும் க்யூவையும் பார்ப்பதே இல்லை. எண்ணவே கூடாது, எண்ண ஆரம்பித்தால் தொலைந்தோம். பந்துகளை மட்டும் பார்ப்பேன். இந்த ஷாட்டை அவர் தவறவிட்டால் வெள்ளை எங்கே நிற்கும், அங்கிருந்து எனக்கு எது முதல் பந்து என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் பதில் வைத்திருப்பேன். மெதுவாக ஆடுபவர் கொடுக்கும் நேரம் முழுவதும் எனக்கு வீட்டுப்பாடம். போன் கடையிலேயே இருக்கும். மடியில் ஒரு சின்னத் துண்டு, கையை அதற்குள் வைத்துக்கொள்வேன், ஏ.சி.க்குப் பயந்துதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

எழுந்து போனதும் முதல் ஷாட்டை ஓங்கி அடிக்க மாட்டேன். ஆறு நிமிடம் சும்மா இருந்த கை, நாம் சொன்ன வேகத்தைக் கேட்காது. ஒரு முழுச் சுற்று நடந்துவிட்டு, சாக் தடவிவிட்டு, குனிவதற்கு முன் காற்றில் இரண்டு தடவை க்யூவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆடுவேன். 'அப்போ நீயும் மெதுவான ஆள் ஆகிவிட்டாய்' என்று என் மச்சான் சொல்கிறான். அவன் கேரம் ஆடுகிறவன், அவனுக்குப் பூலைப் பற்றிப் பேச உரிமை கிடையாது.

அந்தப் பெரியவரோடு இப்போது வியாழக்கிழமை தோறும் ஆடுகிறேன். நானே போய்க் கேட்டேன். "நம்மளோட ஆடப் பொறுமை இருக்குங்களா?" என்றார். டேபிளுக்கு மணிக் கணக்கில் காசு, தோற்றவர் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் எட்டு ஒன்பது ரேக் ஆடுவார்கள். எங்களுக்கு நாலு ஆனாலே அதிகம். கல்லாவில் இருப்பவர் எங்களைக் கண்டதும் மூலையில் இருக்கும் நல்ல டேபிளுக்கு விளக்கைப் போட்டு வைத்துவிடுகிறார்.