பழத்தோலைப் பொறுக்கி வைத்த பிள்ளைகள்: கிறிஸ்துமஸ் பலகாரமும் மாறும் நாக்கும் (கேள்வி பதில்)

உணவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதாலும், பெரம்பூரில் ஆண்டு தவறாமல் அக்டோபர் கடைசியில் கேக்குக்குப் பழம் ஊறப்போடுகிறவள் என்பதாலும் இந்த வாரக் கேள்விகளை என்னிடம் தந்திருக்கிறீர்கள். சிறுவயதில் பிடிக்காத கிறிஸ்துமஸ் பலகாரம் வளர்ந்தபின் பிடித்துப்போவதும், பிடித்தது திகட்டிப்போவதும் ஏன் என்பதுதான் பெரும்பாலோர் கேட்டிருப்பது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

புரசைவாக்கத்திலிருந்து: டீச்சர், சின்ன வயதில் பிளம் கேக்கில் இருக்கும் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கித் தட்டோரத்தில் வைத்துவிடுவேன். இப்போது நாற்பது வயதில் அதைத்தான் தேடித் தின்கிறேன். நாக்கு மாறிவிட்டதா?

நாக்கும் மாறியிருக்கிறது, நீங்களும் மாறியிருக்கிறீர்கள். முதலில் நாக்கைப் பார்ப்போம். ஆரஞ்சு, பம்பளிமாஸ் வகைப் பழங்களின் தோலில், குறிப்பாக உட்புறத்து வெள்ளைப் பகுதியில், லிமோனின், நாரிஞ்சின் முதலிய கசப்புப் பொருள்கள் இருக்கின்றன. இயற்கையில் நச்சுப் பொருள்கள் பலவும் கசப்பவை என்பதால், கசந்தால் துப்பு என்பது பிறவியிலேயே நம்மோடு வரும் கட்டளை. அந்தக் கட்டளை பிள்ளைகளிடம் நம்மைவிடக் கடுமையாகவே இருக்கிறது.

கசப்பை எல்லோரும் ஒரே அளவில் உணர்வதில்லை என்பது 1931-இல் தற்செயலாகத் தெரியவந்தது. ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடியைக் கையாண்டபோது அதன் துகள் காற்றில் பறக்க, அருகில் இருந்தவர் கசக்கிறது என்று முகம் சுளித்தார். ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணு 2003-இல் அடையாளம் காணப்பட்டது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் நிறுவனத்தில் ஜூலி மென்னெல்லா குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த மரபணுவில் ஒரே வகை அமைப்பைக் கொண்ட பிள்ளைகளையும் தாய்மாரையும் ஒப்பிட்டது. தாய்மார் பலருக்குத் தெரியாத மெல்லிய கசப்பும் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. அவர்கள் சோதித்தது ஆரஞ்சுத் தோலை அன்று. எனினும் ஒரே மரபணு இருந்தும் வயதுக்கேற்பக் கசப்பு வேறுபடக்கூடும் என்பது அதிலிருந்து தெளிவாகிறது. ஆகவே எட்டு வயதில் உங்கள் வாயில் பட்ட தோலும் இன்று நீங்கள் தேடித் தின்னும் தோலும் ஒன்றே ஆனாலும், அவை தந்த சுவை ஒன்றாக இருந்திருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர் கேக்கில் சிவப்பாக மின்னும் 'செர்ரி' பெரும்பாலும் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய். இரண்டிலும் சர்க்கரையைத் தவிர வேறு சுவை அநேகமாக இல்லை. பிள்ளைகள் அவற்றை மட்டும் பொறுக்கித் தின்று தோலை ஒதுக்குவதில் வியப்பில்லை. தோலை இரண்டு மூன்று முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை இறுத்துவிட்டு, அதன் பின் பாகில் போட்டால் கசப்பு மட்டுப்படும். கடைத்தோலில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

சாந்தோமிலிருந்து: ஆறு வயது மகன், மாவைச் சுருட்டிப் பொரித்த கல்கலை அள்ளித் தின்கிறான், பிளம் கேக்கை முகர்ந்து பார்த்துவிட்டு ஓடுகிறான். கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. அறியாத உணவைக் கண்டு மிரள்வது இரண்டு முதல் ஆறு வயது வரை உச்சத்தில் இருக்கும். உங்கள் மகன் வயதுக்குரியதைத்தான் செய்கிறான். இது எப்படித் தணிகிறது என்பதை உளவியலாளர் லீன் பிர்ச் 1982-இல் ஆராய்ந்தார். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத பாலாடைக்கட்டிகளையும் பழங்களையும் 20 முறை வரை கொடுத்துப் பார்த்ததில், எதை அதிகம் முறை சுவைத்தார்களோ அதையே பிற்பாடு விரும்பி எடுத்தார்கள். வெறுமனே பார்ப்பது போதாது, வாயில் பட வேண்டும் என்பதும் அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது.

இதைக் கிறிஸ்துமஸோடு பொருத்திப் பாருங்கள். இட்லியைப் பத்து முறை சுவைக்க ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரம் போதும். பிளம் கேக்கோ ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஆறு வயதுப் பிள்ளை அதை நினைவறிந்து சந்தித்திருப்பது மூன்று முறைதான் இருக்கும். அந்தப் பத்து முறை நிறைவதற்குள் அவனுக்கு மீசை முளைத்துவிடும். பெரியவனான பிறகுதான் பிடித்தது என்று பலரும் சொல்வதற்கு வயது பாதிக் காரணம். மீதிக் காரணம், திருநாள் பலகாரத்தின் பாடத்திட்டம் அவ்வளவு நீளமானது என்பதே.

அதைச் சுருக்க வழி உண்டு. நன்றாக ஊறிய பழத்தோடு சுட்ட கேக் வாரக்கணக்கில் கெடாது என்பதால், டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒன்றை அறுத்து, சுண்டு விரல் நகம் அளவுத் துண்டை மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை இரண்டு நாளுக்கொருமுறை தட்டில் வையுங்கள். தின்றாலும் தின்னாவிட்டாலும் எதுவும் சொல்லாதீர்கள். "கேக்கைத் தின்றால் கல்கல் தருவேன்" என்ற பேரம் மட்டும் வேண்டாம். கூலி கொடுத்துத் தின்ன வைக்கும் பண்டம் மோசமானது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

அண்ணா நகரிலிருந்து: எனக்கு நேர்மாறு. பள்ளி நாளில் டப்பா டப்பாவாகக் காலி செய்த கல்கல் இப்போது நாலு தின்றாலே திகட்டுகிறது. அம்மா கைப்பக்குவம் போய்விட்டதா?

அம்மாவைச் சந்தேகிக்காதீர்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிட அடர்ந்த இனிப்பை விரும்புகிறார்கள் என்பதும், அந்த விருப்பம் பதின்பருவத்தின் நடுவில் பெரியவர்களின் அளவுக்கு இறங்குகிறது என்பதும் பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. வளரும் உடலுக்கு ஆற்றல் தேவைப்படுவதே இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். எலும்பு வளர்ச்சி வேகம் தணிந்த பதின்பருவத்தினரிடம் இனிப்பு நாட்டமும் குறைவாகக் காணப்பட்டதை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. உங்கள் எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டது.

கல்கல் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: பண்டமே மாறியிருக்கலாம். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது பல வீடுகளில் வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதிதான் மாவில் சேர்ந்தது. அதில் பிசைந்த கல்கல் கரகரப்பாக இருக்கும்; ஆனால் அந்தக் கொழுப்பு வாய்ச் சூட்டில் முழுதாக உருகாமல் மேலண்ணத்தில் மெழுகுபோல் படியும். நமக்கு அப்போது அதுதான் கல்கல். பிற்பாடு, வனஸ்பதியில் மிகுந்திருந்த, இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்புக்குக் கட்டுப்பாடு வந்து, 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றானது. இன்று வெண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த நல்ல கல்கலைத் தின்றுவிட்டு "அந்தக் காலத்து ருசி இல்லை" என்று குறைப்படுகிறவர்கள், தங்களை அறியாமல் வனஸ்பதியைத் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். திகட்டலுக்கு மருந்து எளிது: மேலே பூசும் பாகை விட்டுவிட்டு, மாவில் மட்டும் இனிப்புச் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள்.

மேற்கு மாம்பலத்திலிருந்து: சுவை மொட்டுகள் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அதனால்தான் ருசி மாறுகிறது என்கிறார்களே?

இல்லை. சுவை மொட்டிலுள்ள செல்கள் ஏறத்தாழ பத்து நாளுக்கொருமுறை புதிதாகின்றன. அதுதான் காரணமென்றால் மாதம் மூன்று முறை நமக்குப் பிடித்தது மாற வேண்டும்.

வேப்பேரியிலிருந்து: நாங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும் பால் கறியும் சிறுவயதிலேயே பிடிக்கும். கூட வைக்கும் டெவில் சட்னி மட்டும் அழவைக்கும். இப்போது அது இல்லாமல் கிறிஸ்துமஸ் சாப்பாடு இறங்குவதில்லை. காரத்துக்கும் கசப்புக்கும் கணக்கு ஒன்றுதானா?

வாசகர்கள் குழம்பாதிருக்க ஒரு விளக்கம்: பால் கறி என்பது இங்கே கொத்துக்கறி உருண்டைக் குழம்பு; பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. டெவில் சட்னி என்பது வெங்காயம், மிளகாய், வினிகர், சர்க்கரை சேர்த்துப் பச்சையாக அரைக்கும் சிவப்புச் சட்னி.

கணக்கு வேறு. காரம் சுவையே அன்று, வலி. மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணர்த்தும் நரம்பு முனையைத் தூண்டிவிடுகிறது. அந்த முனையில் கேப்சைசினை ஏற்கும் புரதமான ஏற்பியை 1997-இல் கண்டறிந்து வெளியிட்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழகப் பழக எரிச்சல் ஓரளவு மரத்துப்போகும். ஆனால் பால் ரோசின் என்ற உளவியலாளர் சொல்வது எனக்குக் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது: ஆபத்தில்லை என்று மனம் அறிந்துகொண்ட பிறகு, உடல் அலறுவதையே நாம் ரசிக்கத் தொடங்குகிறோம். பிள்ளைக்கு அந்த நம்பிக்கை வர, பந்தியில் பெரியவர்கள் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே அதைத் தின்பதைப் பல கிறிஸ்துமஸ்கள் பார்த்திருக்க வேண்டும். இஞ்சி ஒயினின் கதையும் இதுவே; பெயரில்தான் ஒயின், உள்ளே இஞ்சியும் கருக்கிய சர்க்கரையும் மசாலாவும்தான்.

வேளச்சேரியிலிருந்து: நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் நாங்கள். முந்திரிக்கொத்து இல்லாமல் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. இங்கே பிறந்த மகள்கள் தொடுவதே இல்லை. ருசி ரத்தத்தில் வராதா, அக்கா?

ரத்தத்தில் வராது, ஆனால் கருவிலும் தாய்ப்பாலிலும் ஓரளவு வரும். மென்னெல்லா குழுவினரின் 2001 ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ காரட் சாறு அருந்திய தாய்மாரின் குழந்தைகள், பிற்பாடு காரட் சேர்த்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்றார்கள். மற்றதெல்லாம் அடுப்படியில் கற்பது. வறுத்த பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் எள்ளும் சேர்ந்த வாசனை, முந்திரி என்ற பெயரைக் கேட்டு முந்திரிப்பருப்பை எதிர்பார்க்கும் சென்னைப் பிள்ளைக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். மகள்களை உருண்டை பிடிக்க உட்கார வையுங்கள். தாங்கள் செய்த பண்டத்தைப் பிள்ளைகள் அவ்வளவு எளிதாகத் தள்ளுவதில்லை. அதோடு, ஆறி இறுகியதைக் கொடுக்காமல், எண்ணெயிலிருந்து எடுத்த சூடு தணிவதற்குள் ஒன்றைப் பிட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்து: நாங்கள் சைவம். பக்கத்து வீட்டு அத்தை தரும் கேக் சிறுவயதில் கவிச்சி அடிக்கும். அம்மாவுக்குத் தெரியாமல் துப்பியிருக்கிறேன். இப்போது டிசம்பர் வந்தால் அதே கேக்குக்கு மனம் ஏங்குகிறது. இது ருசியா, நினைவா?

இரண்டையும் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது வீட்டில் கேக் சுடும் அடுப்பு ('ஓவன்') கிடையாது. மாவைக் கலந்து தட்டில் ஊற்றி, மேலே பெயரெழுதிய காகிதத்தை ஒட்டி, தெருமுனை பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவோம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, இருபத்து நான்காம் தேதி இரவு, சூட்டில் காகிதம் கருகிப் பெயர் அழிந்து, யாருடைய தட்டோ எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பார்ப்பதற்கு எங்கள் கேக்கைவிட அழகாகவே இருந்தது. எங்கள் அம்மா கிராம்பைக் குறைத்துச் சுக்கைக் கூட்டுவார். அந்தக் கேக்கில் கிராம்பு தூக்கலாக இருந்தது, அவ்வளவே வேறுபாடு. நாங்கள் நான்கு பிள்ளைகளும் ஒரு வாய்க்கு மேல் தின்னவில்லை. தம்பி அழுதே விட்டான். இன்று கிராம்பு மணக்கும் கேக் எங்கே கிடைத்தாலும் எனக்கு அந்த இரவின் நினைவு வருகிறது, வியப்பு என்னவென்றால் மகிழ்ச்சியோடு வருகிறது. வாசனை உணர்வு நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் மூளைப் பகுதிகளோடு மிக நெருங்கிய தொடர்புடையது. பழைய வெறுப்புகூடக் காலம் கடந்து ஏக்கமாக உருமாற அதுவும் ஒரு காரணமாகலாம். கவிச்சி இன்னும் தொந்தரவு செய்தால், முட்டைக்குப் பதில் தயிர் சேர்த்த கேக்கை வாங்குங்கள். ஆனால் அத்தை வீட்டு மணம் அதில் வராது.

தாம்பரத்திலிருந்து: அம்மாவுக்கு 78 வயது. போன கிறிஸ்துமஸிலிருந்து கேக், பிரியாணி எதிலும் ருசியே இல்லை என்கிறார். உப்பையும் சர்க்கரையையும் கூட்டிப் போடலாமா?

வேண்டாம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கக்கூடிய வயது. அறுபதுக்குப் பிறகு நாக்கைவிட மூக்குத்தான் அதிகம் தளர்கிறது, நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு கேக்கைத் தின்று பாருங்கள், வெறும் இனிப்புத்தான் மிஞ்சும். எனவே மணத்தைக் கூட்டுங்கள்: பட்டையையும் ஜாதிக்காயையும் அன்றன்று பொடியுங்கள், கேக்கைப் பரிமாறும் முன் இலேசாகச் சூடாக்குங்கள், ஆரஞ்சுத் தோலின் மேற்பகுதியைத் துருவிச் சேருங்கள். மருந்துகளாலும் வாய் வறட்சியாலும் சுவை மங்குவதுண்டு. உங்கள் அம்மாவுக்கு ஓராண்டுக்குள் இப்படி ஆகியிருப்பதால், முதுமை என்று விட்டுவிடாமல் அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலோடு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கொளத்தூரிலிருந்து: பிள்ளைகளுக்காக ரம் இல்லாமல் பழம் ஊறப்போட்டால் பெரியவர்களுக்கு ருசிக்குமா?

ருசிக்கும், ஆனால் வேறு ருசி. ரம்மில் ஊறும் பழம் வாரக்கணக்கில் கெடாமல் கிடந்து மணம் ஏறும். ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறுவதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. சுட்டால் சாராயம் முழுதும் ஆவியாகிவிடும் என்பதும் உண்மையன்று, கொஞ்சம் தங்கும். நான் இரண்டு தட்டு சுடுகிறேன். சாற்றில் ஊறியது சிறிய தட்டில், அதில் தோலைப் பொடியாக நறுக்கிப் போடுகிறேன். எங்கள் பேரன் இன்னும் அதைப் பொறுக்கித்தான் வைக்கிறான்.