தொண்டு நிறுவனம் வீடு எடுத்துத் தருமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தோம். கணவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்கிறார். முதுகு பிடித்துக்கொண்டு மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை, வாடகை நின்றுவிட்டது. போன மாதம் நாங்கள் வெளியே போயிருந்த நேரம் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார். பாதிச் சாமான் உள்ளே கிடக்கிறது. இப்போது மட்டக்குளியில் அக்கா வீட்டு முன் அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறோம். அதுவும் இந்த மாதக் கடைசி வரைதான். தெரிந்த ஒருவர், ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மாடி வீடுகளில் பங்கு இருக்கிறது, ஃபைல் போட 75,000 ரூபா கொடுத்தால் எடுத்துத் தரலாம் என்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா? இன்னொருவர், அந்த மாதிரி இடங்களுக்குப் போனால் பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, நகையைத் தொடாதீர்கள். அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

கொழும்பில் எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் மாடி வீடுகளில் பங்கு கிடையாது. தெமட்டகொடையிலும் சாலமுல்லையிலும் நிற்கிற அந்த மாடிகள் நகர அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கின்றன. தோட்டங்கள் என்று நாம் சொல்கிற நெருக்கமான குடிசைக் குடியிருப்புகளை உடைத்தபோது கணக்கெடுப்பில் பெயர் பதிந்த குடும்பங்களுக்காகக் கட்டியவை அவை. கோயில் கடிதத்துக்கோ நிறுவனத்தின் சிபாரிசுக்கோ அதில் வீடு கொடுப்பதில்லை. அப்படியானால் இந்தத் தரகர்கள் எதை விற்கிறார்கள்? சிலர் வெறும் பேச்சை விற்கிறார்கள். சிலர், வீடு கிடைத்த குடும்பம் ஒன்று வட்டிக்காரனுக்குப் பயந்து விட்டுப் போகிற வீட்டை, ஒரு சத்தியக் கடதாசியை மட்டும் வைத்துக் கைமாற்றுகிறார்கள். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. உள்ளே போய்க் குடியிருப்பீர்கள், மின்சார பில் வேறு யாரோ பெயரில் வரும், ஒருநாள் அதிகார சபை ஆள் வந்து கதவில் அறிவித்தல் ஒட்டுவார். இலங்கையில் நிலமோ வீடோ கைமாற நொத்தாரிசு முன் எழுதிய உறுதி வேண்டும். 1840 முதல் இதுதான் சட்டம். சத்தியக் கடதாசியால் வீடு உங்களுடையதாகாது.

இந்த ஆட்கள் வருகிற விதமும் எப்போதும் ஒன்றுதான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஃபோட்டோ கொப்பி, மேலே ஏதோ ஒரு அமைச்சின் தலைப்பு, கீழே நீல மையில் ஒரு முத்திரை. அசலைக் கேட்டால் "ஒஃபிஸில் இருக்கிறது" என்பார்கள். பற்றுச்சீட்டு கேட்டால் கொப்பித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுப்பார்கள். உண்மையான நிறுவனத்துக்குப் பதிவு இலக்கம் இருக்கும், அச்சடித்த பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அது உங்களிடம் பணம் கேட்காது. உதவி கேட்டுப் போகிறவரிடம் ஃபைல் காசு வாங்குவது தொண்டு ஆகாது. இதை அக்காவிடமும் சொல்லுங்கள், அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள்.

சரி, தொண்டு அமைப்புகள் உண்மையில் என்ன செய்கின்றன? வீடு தருவதில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற இடைவெளியில் குடும்பம் வீதியில் விழாமல் பார்த்துக்கொள்கின்றன. கொழும்பில் வீடற்றுப் போகிற பல குடும்பங்களால் மாத வாடகை கட்ட முடியும். முடியாதது அட்வான்ஸ். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கேட்கும்போது நாட்கூலிக்காரன் எங்கே போவான்? அங்கேதான் நாள்வட்டிக்காரன் வந்து நிற்கிறான். அமைப்புகள் பெரும்பாலும் கைகொடுப்பதும் இந்த இடத்தில்தான். அட்வான்ஸில் ஒரு பங்கைக் கட்டுவார்கள், பணத்தை உங்கள் கையில் தராமல் நேராக வீட்டுக்காரரிடம் கொடுப்பார்கள். அதை அவமானமாக எடுக்காதீர்கள். பாதரோ மௌலவியோ நேரில் வந்து பேசும்போது வீட்டுக்காரர் ஆறு மாத அட்வான்ஸை மூன்றாகக் குறைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பணத்தை விட அந்த ஆள் பிணைதான் பெரிய உதவி.

யாரிடம் போவது? உங்கள் பக்கத்தில் புனித வின்சன்ட் டி போல் சபை பங்குக் கோயில்களை ஒட்டி இயங்குகிறது. புனித லூசியாள் பேராலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் கேட்டால் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள். நீங்கள் இந்துவாக இருந்தாலும் தயங்க வேண்டாம். அந்தச் சபையினர் இரண்டு பேராக வீட்டுக்கு வருவார்கள். எத்தனை பேர் படுக்கிறீர்கள், பிள்ளைகள் எந்தப் பாடசாலை, யாருக்கு என்ன கடன் என்று கேட்பார்கள். அப்போது கடனை மறைத்துவிடாதீர்கள். மறைத்த கடன்தான் அடுத்த வீட்டையும் பறிக்கும். கொழும்பு கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் சமூகசேவை அமைப்பான சேத் சரண, 1883 முதல் இந்த நாட்டில் வேலை செய்கிற இரட்சணிய சேனை ஆகியவற்றையும் கேட்கலாம். முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசலின் பைத்துல்மால் என்ற பொது உதவி நிதி இருக்கிறது. நம் இந்துக் கோயில்கள் அன்னதானத்தில் காட்டும் தாராளத்தில் கால்வாசியை வாடகை அட்வான்ஸுக்கு ஒதுக்கியிருந்தால் எத்தனையோ குடும்பம் தப்பியிருக்கும். அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

இன்னொருவரையும் மறக்க வேண்டாம். தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் இருக்கும். எந்த அறை காலியாகப் போகிறது, எந்த வீட்டுக்காரர் நியாயமானவர் என்பது அந்தச் சங்கச் செயலாளருக்குத் தெரிகிற மாதிரி எந்தத் தரகருக்கும் தெரியாது. அவர் கமிஷன் கேட்கமாட்டார்.

இனி, பூட்டை மாற்றிய விஷயம். இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அவசரமாகப் பட்டது இதுதான். வாடகை நிலுவை இருந்தாலும் வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்ற முடியாது. வழக்குப் போட்டு, நீதிமன்றக் கட்டளையோடுதான் வெளியேற்ற வேண்டும். 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விஷயம் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால், அவரை மறுபடி உள்ளே விடும்படி நீதவான் கட்டளையிடலாம். இரண்டு மாதம் எதிலிருந்து எதுவரை என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பூட்டு மாற்றிய நாளிலிருந்து, நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிற நாள் வரை. நீங்கள் பொலிஸுக்குப் போன நாள் கணக்கில் வராது. பொலிஸில் முறைப்பாடு எழுதிவிட்டு "அவர்கள் பார்ப்பார்கள்" என்று காத்திருந்து, 61ஆவது நாளில் வந்து அழுத குடும்பங்கள் உண்டு. பொலிஸ் கோட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் நீங்களே நேராகத் தாக்கல் செய்யலாம். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் சாவியை நீங்களாகவே ஒப்படைத்திருந்தால், அல்லது "போகிறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த வழி கைகொடுக்காது. அப்படி ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று கணவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

பொலிஸில் "இது சிவில் பிரச்சினை, கோட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வழக்கமான பாட்டு. முறைப்பாட்டைப் பதிந்து இலக்கம் வாங்காமல் எழும்பாதீர்கள். அப்புறம் புதுக்கடை நீதிமன்றத் தொகுதியில் இருக்கிற சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணி இலவசம். அக்காவையோ தெரிந்த ஒருவரையோ கூட அழைத்துப் போங்கள். தனியே போகிற பெண்ணை "நாளைக்கு வாங்க" என்று சொல்கிற மேசைகள், கூட ஒருவர் நின்றால் இன்றைக்கே எழுதும். இது வெட்கக்கேடு, ஆனாலும் அப்படித்தான் நடக்கிறது. திரும்பப் போய் அந்த வீட்டிலேயே காலம் தள்ள வேண்டும் என்பது என் எண்ணமில்லை. சாமான் கைக்கு வரும், பேசுவதற்கு உங்களுக்கும் ஒரு பலம் கிடைக்கும், அடுத்த வீட்டைத் தேட நாள் கிடைக்கும்.

பிள்ளைகளைப் பற்றிய பயம். வறுமையைக் காட்டி எந்த நிறுவனமும் உங்கள் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்க முடியாது. அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். நடப்பது வேறு. "கொஞ்சக் காலம் ஹொஸ்டலில் விடுங்கள், சாப்பாடு படிப்பு எல்லாம் பார்ப்போம்" என்று அன்பாகச் சொல்லுவார்கள், பெற்றோரும் கையெழுத்துப் போடுவார்கள். இந்த நாட்டு இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். கொஞ்சக் காலம் என்று போன பிள்ளை வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்கிற செலவில் அந்தக் குடும்பத்தின் வாடகையையே கட்டிவிடலாம். அப்படி யாராவது கேட்டால், "பிள்ளை எங்களோடுதான் இருக்கும், அட்வான்ஸுக்கு உதவுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். நல்ல அமைப்பு அதைக் கேட்டுச் சந்தோஷப்படும்.

கடைசியாக, விலாசம். விலாசம் இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் இல்லை, அது இல்லாவிட்டால் பாடசாலையில் இருந்து பிரதேச செயலகம் வரை ஒரு கதவும் திறக்காது. வீடில்லாதவருக்கு உதவ வேண்டிய அலுவலகமே முதலில் வீட்டு விலாசத்தைக் கேட்கிறது. இதை மாற்ற வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் பேசினாலும் படிவம் மாறுகிறதே தவிர கேள்வி மாறவில்லை. வறிய குடும்பங்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கிடைத்தால், வீடு மாறியதைப் பழைய கிராம உத்தியோகத்தருக்கும் புதியவருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். மிக வறியவர் என்ற பிரிவுக்கு 2025 முதல் மாதம் 17,500 ரூபா, வறியவர் என்றால் 10,000. ஒரு அறை வாடகையில் பாதியையாவது அது தாங்கும், விலாசக் குழப்பத்தில் அதை இழந்துவிடாதீர்கள். இப்போதைக்கு, நீங்கள் அங்கே தங்கியிருப்பதாக அக்காவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, மட்டக்குளி கிராம உத்தியோகத்தரிடம் காட்டிப் பதிந்து வையுங்கள்.

புதிய அறை கிடைத்ததும் வாடகை ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன் எழுதக் கேளுங்கள், கொடுக்கிற ஒவ்வொரு அட்வான்ஸுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கணவரின் முதுகுக்கு ஆஸ்பத்திரி கிளினிக் துண்டு இருந்தால் அதையும், அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பழைய வாடகைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நாளைக் காலையே புதுக்கடைக்குப் போங்கள். சபைக்காரரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.