ஓட்டல் ஹாலுக்குப் பிளாஸ்டிக் மரம் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் 60 பேர் உட்காரும் ஏசி ரெஸ்டாரண்ட் திறக்கப் போகிறேன் சார். ஹாலுக்கு நடுவில் 8 அடி உயர செயற்கை மரம் இரண்டு நிறுத்தி, கிளைகளை சீலிங் முழுக்கப் படரவிடலாம் என்கிறார் இன்டீரியர்காரர். மெயின்டனன்ஸே கிடையாதாம். வாங்கலாமா?

பதில்: தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பது மட்டும்தான் உண்மை. சாப்பாட்டுக் கடையில் எண்ணெய்ப் புகை எப்படியும் ஹாலுக்குள் வரும். சூடான இரும்புத் தட்டில் புகையப் புகையப் பரிமாறும் சிஸ்லர் போடுவதாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பிசுக்கில் தூசி படிந்துவிட்டால் உலர்ந்த துணியால் தட்டினால் போகாது. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்த தண்ணீரில் இலை இலையாகத் துடைக்க வேண்டும். அதற்கு ஆள் யார் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். கிளையைத் தனியாகக் கழற்ற முடிகிற மரமாக இருந்தால் வேலை கொஞ்சம் குறையும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை தீ. 2023 ஏப்ரலில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில், ஓர் உணவகத்தில் தீ மூட்டிப் பரிமாறிய உணவிலிருந்து அலங்காரப் பிளாஸ்டிக் செடிகளுக்கு நெருப்பு தாவியது. உயிர்கள் போயின. நாம் அப்படிப் பரிமாறுவதில்லை, சரி. ஆனால் கேக்கில் குத்திவைத்தால் பூவாணம் மாதிரி பொறி கக்குகிற மெழுகுவத்தி இல்லாமல் இப்போது எந்த பர்த்டே நடக்கிறது?

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரே ஒரு இலையைக் கேட்டு வாங்குங்கள். கடைக்கு வெளியே, தரையில் எதுவும் இல்லாத இடத்தில், இடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள். தீக்குச்சியை எடுத்ததும் அணைந்துவிட்டால் மேலே பேசலாம். மெழுகு போல உருகிச் சொட்டிக்கொண்டே எரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். 'ஃபயர் ரிடார்டன்ட் சார்' என்பார்கள். அந்தத் தீத்தடுப்பு மருந்து பிளாஸ்டிக்கிலேயே கலந்ததா, மேலே ஸ்ப்ரே அடித்ததா என்று கேளுங்கள். ஸ்ப்ரே என்றால் கழுவக் கழுவப் போய்விடும். டெஸ்ட் ரிப்போர்ட்டின் நகலைக் கேளுங்கள். துண்டுச் சீட்டு வேண்டாம், ஜிஎஸ்டி பில்லிலேயே 'தீத்தடுப்பு வகை' என்று எழுதித் தரட்டும். பின்னால் தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையத்தில் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

சீலிங்கில் படரவிடும் யோசனையை விட்டுவிடுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், புகை டிடெக்டர், எக்ஸிட் போர்டு எல்லாம் இலைக்குள் மறைந்துபோகும். மரம் ஒன்று போதும், அதுவும் வெளியே போகும் வழியில் இல்லாமல். அடித்தொட்டியில் சிமென்ட் கொட்டிக் கனமாக்கச் சொல்லுங்கள், குழந்தைகள் பிடித்து இழுப்பார்கள். வெயில் படுகிற வாசலுக்கு இந்த மரம் வேண்டாம், வெளுத்துவிடும். அங்கே தொட்டியில் நிஜ அரிகா பனை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.