பத்து நாளில் மூன்று ஏற்பாட்டாளர்களா?

நண்பரே, தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் குடு மான், ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் வால் ரீபக் மான், கடைசியில் நமீபியாவில் ஜெம்ஸ்பாக் மான், எல்லாம் பத்து நாளில், மூன்று தனித்தனி வேட்டை ஏற்பாட்டாளர்களோடு என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பத்தில் பாதி நாட்கள் வண்டியிலேயே போய்விடும். லிம்போபோவின் போலக்வானேயிலிருந்து ஈஸ்டர்ன் கேப்பின் கெபெர்ஹா (பழைய போர்ட் எலிசபெத்) பக்கம் சாலையில் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், விமானம் என்றால் ஜோகன்னஸ்பர்க்கில் மாற வேண்டும், துப்பாக்கிப் பெட்டியோடு அந்த அலைச்சல் வேறு.

நமீபியாவை இந்த முறை விட்டுவிடுங்கள். அது வேறு நாடு, துப்பாக்கிக்கு வேறு அனுமதி. திரும்பி ஜோகன்னஸ்பர்க் வழியாக வருவதாக இருந்தால் துப்பாக்கியைத் தற்காலிகமாகக் கொண்டுவர அனுமதி கேட்கும் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் 520 படிவத்தில் பலமுறை நுழைவு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். ஜெம்ஸ்பாக் லிம்போபோ பண்ணைகளிலேயே கிடைக்கும், சரியா?

அப்புறம், மீதி இரண்டு ஏற்பாட்டாளர்களிடமும் ஒருவரைப் பற்றி மற்றவருக்கு மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவரிடமும் அழைப்புக் கடிதம் வாங்குங்கள், அந்தந்த மாகாணத்தில் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் வரும் பயண நாளுக்கு யார் தினக்கட்டணம் போடுவார், ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு உங்களைக் கூட்டிவரும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள், நான் அப்படி அனுப்பி ஒரே நாளுக்கு இரண்டு பேருக்கும் கட்டினேன். கொம்பு, தோல் எல்லாவற்றையும் பாடம் செய்யும் ஒரே இடத்துக்கு அனுப்பச் சொன்னால் ஒரே பெட்டியாக ஊருக்கு வரும், ஆனால் என்ன வேட்டையாடினீர்கள் என்று அவர்கள் எழுதும் வேட்டைப் பதிவேட்டின் நகலை இருவரிடமும் கையோடு வாங்கிவிடுங்கள்.